ஐரோப்பா பெற்றது, அமெரிக்கா வளர்த்தது: குட்டி ஸ்போர்ட்ஸ் கார் ஓர் அறிமுகம்

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்றொரு சிறு நகரம். அங்கிருந்த எம்ஜி என்ற கார் நிறுவனத்தின் ஆலையில் 1955 முதல் 1962 வரை ‘எம்ஜிஏ’ என்ற இரட்டை இருக்கைக் கார் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் தயாரானது. அதில் உள்நாட்டுக்காரர்கள் வாங்கியது 6,000 கூட இல்லை. பத்துக்கு எட்டு கார் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்விட்டது.

சின்னஞ்சிறு ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் அமெரிக்கர்களுக்கு ஒத்துவருமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு அது கொஞ்சம் வேடிக்கையான கேள்வியாகவே படுகிறது. அமெரிக்கர்கள் வாங்காமல் இருந்திருந்தால் அந்த வகைக் காரில் பாதி பிறந்தே இருக்காது. அதே சமயம், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நாட்டில் விற்பனையில் முதலிடம் ஃபோர்டின் எஃப் வரிசை பிக்கப் டிரக்குக்குத்தான். இரண்டுமே உண்மை என்பதுதான் இதில் சுவாரசியம்.

முதலில் காரைப் பார்த்துவிடலாம். இந்த வகையை ரோட்ஸ்டர் என்பார்கள். இரண்டே இருக்கை. மடக்கிப் பின்னால் தள்ளக்கூடிய துணிக்கூரை. எஞ்சின் முன்னால், விசை போவது பின் சக்கரங்களுக்கு. கியரை நாமேதான் மாற்ற வேண்டும். எஞ்சின் பெரும்பாலும் நாலு சிலிண்டர், ஒன்றிலிருந்து இரண்டு லிட்டருக்குள். மொத்த எடை ஆயிரம் கிலோவை ஒட்டி இருக்கும். டிக்கியில் ஒரு பெட்டியை வைத்தால் அடுத்த பெட்டிக்கு இடம் தேட வேண்டும். ஃபெராரி, லம்போர்கினியெல்லாம் வேறு இனம். அவை கோடீஸ்வரர் வீட்டுச் சமாச்சாரம். இது மாதச் சம்பளக்காரர் தவணையில் வாங்கக்கூடிய கார். அந்த விலைதான் இந்த வகையின் உயிர்நாடி.

ஐரோப்பாவில் இதன் எஞ்சின் ஏன் இவ்வளவு சிறிதாக இருந்தது? ரசனை ஒரு காரணம். வரி அதைவிடப் பெரிய காரணம். பிரிட்டனில் 1921 முதல் காருக்கு ‘குதிரைத்திறன் வரி’ இருந்தது. அந்தக் குதிரைத்திறன் எஞ்சினை ஓட்டிப் பார்த்து அளந்ததல்ல, சூத்திரம் போட்டுக் கணக்கிட்டது. சிலிண்டர் வாயின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுத்தால் வருவதுதான் வரிக் குதிரைத்திறன். பிஸ்டன் எவ்வளவு நீளம் மேலும் கீழும் போகிறது என்பது கணக்கிலேயே வராது. சூத்திரத்தில் ஓட்டை இருந்தால் பொறியாளர் சும்மா இருப்பாரா? வாய் குறுகிய, உயரமான சிலிண்டர்களை வார்த்தார்கள். 1945-ல் வந்த எம்ஜி டிசி காரின் சிலிண்டர் விட்டம் 66.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் நீளம் 90 மில்லிமீட்டர். வரி அலுவலகக் கணக்கில் அது 11 குதிரை. உண்மையில் கொடுத்தது 54. போருக்குப் பிறகு, 1940களின் இறுதியில்தான் அந்தச் சூத்திரம் ஒழிந்தது. பெட்ரோல் விலை, குறுகலான கிராமத்துச் சாலை, அடுத்தடுத்து வரும் வளைவு எல்லாம் சேர்ந்து சிறிய காரையே லாபமாக்கின. பெட்ரோல் மலிவாகவும் சாலை அகலமாகவும் இருந்த அமெரிக்காவில் இந்த நிர்ப்பந்தம் எதுவுமே கிடையாது. அங்கே எஞ்சின் பெருத்துக்கொண்டே போனது.

இந்தச் சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு என்ன ஸ்போர்ட்ஸ் என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எம்ஜி டிசியின் எடை 800 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எஞ்சின் 1,250 சிசி. அதே காலத்து அமெரிக்கக் குடும்பக் காரான 1949 செவ்ரலே ஏறத்தாழ 1,400 கிலோ; எஞ்சின் மூன்றரை லிட்டர், 90 குதிரைத்திறன். ஒரு டன் எடைக்கு இத்தனை குதிரை என்று வகுத்தால் இரண்டுக்கும் விடை கிட்டத்தட்ட ஒன்றுதான். நேர்சாலையில் எம்ஜி ஒன்றும் பறந்துவிடாது.

வித்தியாசம் வளைவில் தெரியும். காரைத் திருப்புவதும் நிறுத்துவதும் நாலு டயர்களும் சாலையைப் பிடிக்கும் பிடிதான். எடை இரண்டு மடங்கானால் டயரின் பிடியும் இரண்டு மடங்காகிவிடாது. அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே கூடும். அதனால் கனமான கார் வளைவில் சீக்கிரமே வழுக்கத் தொடங்குகிறது. பிரேக்கும் அப்படித்தான்: நிறுத்த வேண்டிய எடை கூடக்கூடச் சூடும் கூடும், சூடேறினால் பிடிப்பு தளரும். இதற்கு மேல், அன்றைய அமெரிக்கக் கார்களின் ஸ்பிரிங் மெத்தைபோல் இருக்கும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஸ்டீயரிங்கை நாலைந்து சுற்று சுற்ற வேண்டும். டிசியில் இரண்டு சுற்றுக்கும் குறைவு. மணிக்கட்டை லேசாகத் திருப்பினாலே மூக்கு திரும்பிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் பிடிபடாது. 700 குதிரைத்திறன் கொண்ட காரில் இரண்டாவது கியரிலேயே சட்டப்படியான வேகத்தைத் தாண்டிவிடலாம். அதன் முழுத் திறனையும் பொதுச்சாலையில் பயன்படுத்தவே முடியாது. 60 குதிரை காரில் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கலாம், ஒவ்வொரு கியரையும் கடைசிவரை இழுக்கலாம், வளைவு வருவதற்குள் கீழ்க் கியருக்கு மாற்றலாம். வேகமானி பார்த்தால் ஐம்பது மைல்தான் காட்டும். ஓட்டுகிறவருக்கு ஒரு நொடி ஓய்வில்லை, அபராதச் சீட்டும் இல்லை.

டிசியில் அந்த வேகமானியைப் பார்ப்பதும் சுலபமில்லை. ஓட்டுநருக்கு நேரே இருந்தது எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் மானி. வேகமானியைப் பக்கத்து இருக்கைக்காரர் முன்னால் பொருத்தியிருந்தார்கள். எந்த வேகத்தில் போகிறோம் என்ற கவலை பயணிக்கு, எஞ்சின் என்ன பாடு படுகிறது என்ற கவலை ஓட்டுநருக்கு! கதவின் மேல்விளிம்பு தாழ்வாக வெட்டியிருக்கும், முழங்கை வெளியே நீட்டிக்கொள்ள வசதியாக. முன் கண்ணாடியை மடித்து பானெட் மீது படுக்க வைக்கலாம். பக்கக் கண்ணாடி என்று ஒன்றே கிடையாது; மழை வந்தால் துணித் திரையைச் செருகிக்கொள்ள வேண்டும். ஹீட்டர் இல்லை. உடலின் எலும்புக்கூடு ஆஷ் மரம். ஸ்டீயரிங்கோ வலப்பக்கம் மட்டும்தான். சாலையின் வலது ஓரமாக ஓட்டும் அமெரிக்காவுக்கும் அப்படியே அனுப்பினார்கள்.

இப்படிப்பட்ட காரை அமெரிக்கர்கள் தேடி வாங்கினார்கள். உலகப் போரின்போது இங்கிலாந்தில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் இந்த வகைக் கார்களைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். போர் முடிந்தபோது பிரிட்டனிடம் டாலர் இல்லை. கார் ஆலைகளுக்கு எஃகு வேண்டுமென்றால் ஏற்றுமதி காட்ட வேண்டும் என்று அரசு கறாராக இருந்தது. தேவையும் ஆசையும் சந்தித்துக்கொண்டன. தயாரான சுமார் 10,000 டிசிகளில் 2,000 அமெரிக்கா போயின. எண்ணிக்கை சிறிது, ஆனால் அது வைத்த பொறி பெரிது. 1950-ல் வந்த டிடி மாடலில் இடப்பக்க ஸ்டீயரிங் கிடைத்தது. தயாரான 29,000-க்கு மேற்பட்ட கார்களில் 23,000-க்கு மேல் அமெரிக்காவுக்கு. டிரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி, ஜாகுவார் எல்லாம் அதே கப்பல் வழியைப் பிடித்தன.

ஓட்டுவதற்கு இடம் வேண்டுமே. நியூயார்க் மாநிலத்தில் வாட்கின்ஸ் கிளென் என்ற ஊர். கேமரன் ஆர்ஜெட்சிங்கர் என்ற சட்டக் கல்லூரி மாணவர், சொந்தமாக ஒரு எம்ஜி டிசி வைத்திருந்தவர், ஊர்த்தெருவையும் சுற்றுச் சாலைகளையும் இணைத்து 6.6 மைல் பந்தயப் பாதை ஒன்றை வகுத்தார். 1948 அக்டோபர் 2 அன்று பந்தயம் நடந்தது. பாதை ஒரு ரயில் தண்டவாளத்தைக் கடந்ததால், பந்தயம் முடியும்வரை ரயிலை நிறுத்தி வைத்தார்கள். ஒரு மாணவருடைய ஆசைக்காக ரயில் நின்ற ஊர் என்று இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். சொல்லட்டும், தகும்.

விற்பவர்களில் ஒருவரை மறக்க முடியாது. வியன்னாவில் பிறந்து நியூயார்க்கில் ஐரோப்பியக் கார் இறக்குமதி செய்த மாக்ஸ் ஹாஃப்மன். போர்ஷே 356 நல்ல கார், ஆனால் விலை தூக்கல் என்று அவருக்குப் பட்டது. 3,000 டாலருக்குள் ஒன்று கொடுங்கள் என்று நச்சரித்தார். ஆடம்பரங்களை உரித்து, தாழ்ந்த முன்கண்ணாடி, மெல்லிய கூரை, எளிய இருக்கைகளோடு 1954-ல் வந்தது ஸ்பீட்ஸ்டர். விலை 2,995 டாலர். இன்று சேகரிப்பாளர்கள் அடித்துக்கொண்டு வாங்கும் அந்தக் கார், அன்று விலையைக் குறைக்கச் செய்த சிக்கனம்தான்.

அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் என்ன செய்தது என்பது இன்னும் சுவை. ஜெனரல் மோட்டார்ஸ் 1953-ல் செவ்ரலே கொர்வெட்டைக் கொண்டுவந்தது. முதல் ஆண்டு 300 கார்கள், எல்லாம் வெள்ளை நிறம். தோற்றம் ஐரோப்பியம், உள்ளே ஆறு சிலிண்டர் எஞ்சினும் இரண்டே வேகம் கொண்ட தானியங்கி கியரும். ஸ்போர்ட்ஸ் காரில் கையால் மாற்றும் கியரை எடுத்துவிட்டால் சாம்பாரில் புளி போடாமல் விட்ட கதைதான். ரசிகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். 1955-ல் ஃபோர்டு தண்டர்பேர்டை இறக்கியது: இரண்டு இருக்கை, எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சின், ஏற்றி இறக்கும் பக்கக் கண்ணாடி, சொகுசு. அந்த மாடல் ஆண்டில் தண்டர்பேர்ட் 16,155; கொர்வெட் வெறும் 700. ஃபோர்டு அதோடு நிற்கவில்லை. 1958-ல் பின் இருக்கையும் சேர்த்து நாலு பேர் உட்காரும்படி காரையே மாற்றியது. பழைய ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். விற்பனையோ 21,000-லிருந்து 38,000 பக்கம் ஏறிவிட்டது.

எனக்குத் தெரிந்து, அமெரிக்கச் சந்தையை இந்த இரண்டு எண்களைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறெதுவும் இல்லை. இரண்டு இருக்கைக் காரை விரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் பின் இருக்கை போட்டால் வாங்குகிறவர்கள் அதைவிட அதிகம். கொர்வெட் பிழைத்ததும் வி8 ஏற்றிக்கொண்ட பிறகுதான். 1962-ல் அமெரிக்கப் பந்தய ஓட்டுநரான கரோல் ஷெல்பி, ஏசி ஏஸ் என்ற மெல்லிய ஆங்கிலக் காரில் ஃபோர்டு வி8-ஐத் திணித்து கோப்ராவை உருவாக்கினார். ஐரோப்பிய உடலுக்கு அமெரிக்க இதயம் என்ற அந்த ஆசை இன்றுவரை அங்கே தீரவில்லை.

குறைகளும் நிறைய. 1956-ல் சட்டமாகி, பிறகு நாடு முழுக்கப் போட்ட இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் மணிக்கு 70 மைலில் மணிக்கணக்காக ஓட்ட வேண்டும். சின்ன எஞ்சின் அங்கே அலறிக்கொண்டே வரும். வடக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு போடுவார்கள். தகரம் துருப்பிடித்துப் பொலபொலவென்று உதிரும். மின்சாதனங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்துக்கு ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் ‘இருளின் இளவரசன்’. நடு ராத்திரியில் ஹெட்லைட் அணைந்தவர்கள் வைத்த பெயர். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது அது வீட்டின் இரண்டாவது கார் என்பதால்தான். வேலைக்குப் போகவும் மளிகை ஏற்றவும் வேறு கார் இருந்தது.

1970-ல் டட்சன் 240இசட் வந்தபோது அந்தப் பொறுமைக்கும் அவசியமில்லாமல் போனது. நிசான் நிறுவனம் செய்த ஜப்பானியக் கார். விலை 3,526 டாலர், ஆறு சிலிண்டர், 151 குதிரைத்திறன், கெட்டியான கூரை. காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும். அமெரிக்கர்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தன் தலைமையகத்திடம் விடாமல் வாதாடிப் புரியவைத்தவர், நிசானின் அமெரிக்கப் பொறுப்பில் இருந்த யுதகா கடயாமா.

அதே பத்தாண்டில் சட்டங்களும் வந்தன. 1970-ன் தூய காற்றுச் சட்டம் புகையைக் கட்டுப்படுத்தச் சொன்னது. 1973 மாடல்களிலிருந்து பம்பர் மணிக்கு 5 மைல் வேகத்தில் இடித்தாலும் விளக்கு முதலியவை சேதமாகக் கூடாது என்றார்கள். இரண்டும் நியாயமான சட்டங்கள். ஆனால் பெரிய நிறுவனத்துக்குச் செலவாக இருந்தது சின்ன நிறுவனத்துக்குச் சாவாக இருந்தது. எம்ஜிஏவுக்கு அடுத்து வந்த எம்ஜிபியைப் பாருங்கள். 1962-ல் 95 குதிரைத்திறனோடு, குரோமிய பம்பரோடு வந்த அழகான கார். 1974-ன் பிற்பகுதியில் அதன் முகத்தில் தடித்த கருப்பு ரப்பர் பம்பர் ஏறியது. பம்பர் உயர விதிக்காகக் காரையே தரையிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்த்தினார்கள். வளைவில் காட்டிய நிதானம் போச்சு. அமெரிக்காவுக்கான எஞ்சினில் இரண்டு கார்புரேட்டருக்குப் பதில் ஒன்று. திறன் 65-க்கும் கீழே இறங்கியது. புதிதாக வடிவமைக்கப் பணமில்லாததால் பழைய சட்டைக்கே ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி அடி நாணயச் சந்தையிலிருந்து வந்தது. 1976-ல் 2 டாலருக்கும் கீழே போன பவுண்டு 1980-ல் 2.40-ஐத் தொட்டது. இங்கிலாந்தில் செய்து அமெரிக்காவில் விற்பது நஷ்டக் கணக்கானது. அந்த அக்டோபரில் ஆபிங்டன் ஆலை மூடப்பட்டது.

வாங்க ஆளில்லாமலா மூடினார்கள்? அதற்கு விடை ஒன்பது ஆண்டு கழித்து வந்தது, அதுவும் ஹிரோஷிமாவிலிருந்து. அமெரிக்கக் கார் பத்திரிகையாளரான பாப் ஹால் 1970களில் ஜப்பானின் மாஸ்டா கார் நிறுவனத்தைச் சேர்ந்த கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, பழைய ஆங்கில ரோட்ஸ்டர் போல எளிமையான ஒன்றைச் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தார். பின்னாளில் ஹால் மாஸ்டாவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். 1960களின் லோட்டஸ் எலான் காரை முன்மாதிரியாக வைத்து, கலிஃபோர்னியாவில் உருவம் வரைந்து, ஜப்பானில் செய்து, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மியாட்டாவைத் திரை விலக்கினார்கள். 1.6 லிட்டர், 116 குதிரை, ஆயிரம் கிலோவுக்குள் எடை, 13,800 டாலர். பழைய எம்ஜிகளின் கூரையைப் போட மழை நிற்கும் நேரம் ஆகும். இதில் பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பை அவிழ்த்து, முன்னாலிருக்கும் இரண்டு கொக்கிகளை விடுவித்துத் தள்ளினால் முடிந்தது. எண்ணெய் ஒழுகவில்லை, விளக்கு அணையவில்லை. விற்பனையாளர்கள் குறித்த விலைக்கு மேல் கேட்டார்கள், ஜனங்களும் கொடுத்தார்கள். 1990-ல் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 36,000 விற்றது. 2016-ல் உலக அளவில் பத்து லட்சமாவது கார் தயாரானது.

அதாவது அமெரிக்கர்களுக்கு இந்த வகை சலித்துப் போகவே இல்லை; மக்கர் பண்ணும் கார்தான் சலித்திருந்தது. இதைப் பார்த்து ஐரோப்பியர்களுக்கும் ரோஷம் வந்தது. பிஎம்டபிள்யூ இசட்3-ஐத் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கிலேயே தயாரித்தது. போர்ஷே பாக்ஸ்டரைக் கொண்டுவந்தது.

இன்றைய நிலைமை என்ன? ஐரோப்பாவில் விற்பதை அப்படியே கொண்டுபோய் அமெரிக்காவில் விற்க முடியாது. மோதல் சோதனை, காற்றுப்பை, விளக்கு, புகை என்று எல்லாவற்றுக்கும் தனி விதிகள். சில ஆயிரம் கார் விற்கும் நிறுவனத்துக்கு அந்தச் செலவு கட்டாது. 900 கிலோ லோட்டஸ் எலீஸ் 2004-ல் டொயோட்டா எஞ்சினோடு அமெரிக்கா வந்தது. பிறகு காற்றுப்பை விதியில் கிடைத்த விலக்கின் பேரில்தான் அதன் விற்பனை தொடர்ந்தது. 2011-ல் விலக்கு முடிந்தது, அங்கே எலீஸின் சாலைக் கார் விற்பனையும் முடிந்தது. பிரான்சின் ஆல்பைன் ஏ110, 1,100 கிலோ எடையுள்ள அருமையான கார், 2017-ல் வந்தும் அமெரிக்காவை எட்டவில்லை. எரிபொருள் சிக்கன விதியிலும் ஒரு வினோதம் உண்டு. நாலு சக்கரங்களுக்கு நடுவே உள்ள பரப்பை வைத்துத்தான் இலக்கு நிர்ணயிக்கிறார்கள். கார் எவ்வளவு சிறிதோ அவ்வளவு கடுமையான இலக்கு. சிறியதைச் செய்கிறவருக்கே தண்டனை.

ஓட்டுகிறவர்கள் குறையவில்லை. வார இறுதியில் காலியான வாகன நிறுத்துமிடத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை வளைத்து வைத்து, ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓட்டும் ஆட்டோகிராஸ் போட்டிகள் நாடெங்கும் நடக்கின்றன. பழைய மியாட்டாதான் அங்கே தேசிய வாகனம். வட கரோலினா, டென்னஸி எல்லையில் 11 மைலுக்குள் 318 வளைவுகள் கொண்ட ஒரு சாலை இருக்கிறது. நேர்சாலை தேசம் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

பிறகு ஏன் விற்பனை சுருங்கியது? இன்றைய எம்எக்ஸ்-5 மியாட்டா 181 குதிரைத்திறன், 1,060 கிலோ பக்கம். ஆரம்ப விலை 30,000 டாலரை ஒட்டி. 1989-ன் 13,800 டாலரை இன்றைய மதிப்புக்கு மாற்றினால் 35,000-ஐத் தொடும். முன்னைவிட நல்ல கார், முன்னைவிட மலிவு. ஆனாலும் 2023-ல் அமெரிக்காவில் 10,000-க்கும் கீழேதான் போனது. என் கணிப்பு இது: அன்று வீட்டு முதல் கார் செடானாக இருந்தது, இரண்டாவது இடம் காலியாக இருந்தது. இன்று முதல் இடத்தில் எஸ்யூவி, இரண்டாவது இடத்திலும் எஸ்யூவி. ரோட்ஸ்டருக்கு மிஞ்சுவது மூன்றாவது இடம். மூன்றாவது காருக்கு எடுத்து வைக்கும் பணம் எல்லா வீட்டிலும் இருக்காது.

ஐரோப்பிய நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. எடையைக் குறைக்க அவை இன்று விலையுயர்ந்த வழிகளை எடுக்கின்றன. ஆல்ஃபா ரோமியோ 4சி காருக்குக் கார்பன் இழையில் அடிக்கூடு செய்தார்கள். தூக்கிப் பார்த்தால் காகிதம் மாதிரி, ஓட்டிப் பார்த்தால் பட்டாசு. 2015-ல் அமெரிக்காவில் அதன் ஆரம்ப விலை 53,900 டாலர். அந்த ஆண்டு கிட்டத்தட்ட அதே பணத்துக்கு செவ்ரலே கடையில் 455 குதிரைத்திறன், வி8 எஞ்சின், கோல்ஃப் மட்டைகளுக்கு இடமுள்ள டிக்கியோடு கொர்வெட் நின்றுகொண்டிருந்தது. அங்கே 4சி வாங்கியவர்கள் ஆண்டுக்குச் சில நூறு பேர்தான்.  ஹாஃப்மன் இருந்திருந்தால், கார்பனைக் கழற்றிவிட்டு 30,000 டாலருக்கு என்ன கொடுப்பீர்கள் என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.